கறுப்பு நோயல்ல, மாறுகிற நிறத்தைக் கவனியுங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வாய் சுகாதாரம் பத்திப் பேசுங்க டாக்டர்" என்று உங்கள் செயலாளர் அம்மா கேட்டார். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பல் தேய்க்கணும் என்பதை நீங்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். அதனால் இன்றைக்கு வேறு ஒரு விஷயம் பேசப் போகிறேன். நம் வாய்க்குள்ளும் தோலிலும் இருக்கிற நிறம் பற்றி.

ஏன் இதை எடுத்தேன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பெண் பார்க்க வரப் போகிறார்கள். "சிரிச்சா ஈறு கறுப்பா தெரியுது டாக்டர். லேசர் வெச்சு எடுத்தா சிவப்பா வந்துடுமாமே. குழுவுல உள்கடன் சொல்லி வெச்சிருக்கேன். எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்தேன். ஈறில் கறுப்பு இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. சின்ன வயசிலிருந்தே இருக்கிறது. வலி இல்லை, ரத்தம் இல்லை. பல்லெல்லாம் முத்து மாதிரி. அது நோயே இல்லை.

ஆனால் அந்த அம்மா பேசும்போது ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. வெற்றிலையும் புகையிலையும் அடக்கியிருந்தார். "நீங்களும் கொஞ்சம் வாயைத் திறங்கம்மா" என்றேன். "எனக்கென்ன டாக்டர், நான் கிழவி" என்று வெட்கப்பட்டார். வற்புறுத்திக் கொப்பளிக்கச் சொல்லிப் பார்த்தேன். புகையிலை அடக்குகிற அதே இடத்தில், உள்கன்னத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. அதன் நடுவில் சிவப்பு. "காரம் பட்டா எரியும், ஆறு மாசமா இருக்கு. சுண்ணாம்பு சுட்டுடுச்சுன்னு விட்டுட்டேன்" என்றார்.

சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தபோது ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று வந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். வெற்றிலைப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டார். மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, அந்தக் கறுப்பு ஈறோடுதான்.

யோசித்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லாத நிறத்துக்குக் கடன் வாங்கத் தயாராக இருந்தார். உயிரை எடுக்கக்கூடிய நிறத்தை ஆறு மாதம் கண்டுகொள்ளவில்லை. எந்த நிறத்துக்குப் பயப்படணும், எந்த நிறத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்தால் போதும். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

நம் தோலிலும் வாயின் உள்தோலிலும் சில சிறப்பு உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறப்பொருளைத் தயாரிக்கின்றன. வெள்ளைக்காரர்களுக்கும் நமக்கும் இந்த உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நம்முடையவை அதிகமாக மெலனின் தயாரிக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மெலனின் நமக்கு ஒரு குடை மாதிரி. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் உள்ளே போய்ச் சேதம் செய்யாமல் தடுக்கிறது. வெள்ளைத் தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். நாற்று நடுகிறோம், நூறு நாள் வேலைக்குப் போகிறோம், வெயிலில் நின்று காய்கறி விற்கிறோம். அந்தக் குடையை ஏன் காசு கொடுத்துக் கிழிக்க வேண்டும்?

ஆக, கறுப்பாக இருப்பது நோயல்ல. நிறம் மாறினால்தான் கவனிக்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: எப்போது வந்தது? பிறந்ததிலிருந்தே இருக்கிறதா, இப்போது புதிதாக வந்ததா?

இரண்டு: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒரே இடத்தில் மட்டும் இருக்கிறதா?

மூன்று: கூடவே வேறு ஏதாவது இருக்கிறதா? எரிச்சல், மரத்துப்போதல், புண், ரத்தம், வளர்ச்சி, அசதி, எடை குறைவு?

சின்ன வயசிலிருந்து இருக்கிறது, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். புதிதாக வந்தது, ஒரே இடத்தில் இருக்கிறது, கூடவே தொந்தரவும் இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய்க்குள் வரும் நிறங்கள்

முதலில் நான் சொன்ன இயற்கையான கறுப்பு. ஈறில் பட்டை போல இருக்கும். நாக்கு நுனியிலும் உள்கன்னத்திலும்கூட இருக்கலாம். நம் மக்களில் நிறையப் பேருக்கு உண்டு. லேசர் வைத்தோ கத்தி வைத்தோ மேல்தோலை எடுத்தால் கொஞ்ச காலம் சிவப்பாக இருக்கும். பலருக்குத் திரும்பவும் கறுப்பு வந்துவிடும். அது அழகுக்காகச் செய்வது, வைத்தியம் அல்ல. கடன் வாங்கிச் செய்ய வேண்டிய காரியம் இல்லவே இல்லை.

இரண்டாவது, பீடி சிகரெட் குடிப்பவர்களின் கறுப்பு. உதடும் முன்பக்க ஈறும் கறுத்துப்போகும். பீடியை நிறுத்தினால் மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில், மெதுவாக வெளுக்கும். உங்கள் வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பழைய பல் அடைப்பின் சாயம். வெள்ளி நிறத்தில் பல் அடைத்திருந்தால், அந்த உலோகத் துகள் பக்கத்து ஈறில் பதிந்து சாம்பலும் நீலமுமாக ஒரு புள்ளி தெரியும். பச்சை குத்தியது போல அப்படியே இருக்கும். ஆபத்தில்லை. ஆனால் அது அடைப்பினால் வந்ததுதானா என்று மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும்.

நான்காவது, ஈறு ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. இது ஈயம் உடம்பில் சேர்ந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற வேலை வீட்டில் யாராவது செய்தால், கூடவே வயிற்றுவலியும் சோகையும் இருந்தால், தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்கினால் குழந்தைக்கும் ஈயம் போகும்.

ஐந்தாவது, உடம்புக்குள் இருக்கிற நோய் வாயில் காட்டுவது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் என்ற சுரப்பி பழுதானால் வாய்க்குள் புதிதாகக் கறுப்புத் திட்டுகள் வரும். உள்ளங்கை ரேகை, விரல் முட்டி, பழைய தழும்பு எல்லாம் கறுக்கும். 1855-இல் தாமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விளக்கி எழுதினார். அவர் பெயரிலேயே அந்த நோயை அழைக்கிறோம். நம் நாட்டில் காசநோய்க் கிருமி அந்தச் சுரப்பியைத் தாக்குவதாலும் இது வருகிறது. புதிதாகக் கறுப்பு, ஓயாத அசதி, எடை குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பு மேல் ஆசை, இவை சேர்ந்து வந்தால் "வேலைப் பளு"ன்னு விட்டுவிடாதீர்கள். அரிதான நோய்தான். ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே நன்றாக வாழலாம்.

விரல் முட்டிகள் கறுத்து, நாக்கு சிவந்து வழவழவென்று ஆகி எரிந்தால், பி12 வைட்டமின் குறைவாக இருக்கலாம். பாலும் முட்டையும் மீனும் கிடைக்காதவர்களுக்கு, சுத்த சைவக்காரர்களுக்கு இது வரும். மருந்து கொடுத்தால் கறுப்பும் குறையும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வாய்க்குள் கறுப்பைவிட வெள்ளையும் சிவப்பும்தான் மோசம். இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போனால்கூடப் போதும்.

துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் துணி போலச் சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இந்த மூன்றும் புற்றுநோய்க்கு முன்னோட்டமாக இருக்கலாம். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றுநோயாக மாறாது. ஆனால் எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதிக்கணும். சிவப்புத் திட்டு அரிது. ஆனால் வெள்ளையைவிட ஆபத்து அதிகம்.

இன்னொன்று: பாக்கு மெல்லுகிறவர்களுக்கு உள்கன்னம் வெளிறி, பலகை போல இறுகிப்போகும். காரம் தாங்காது. நாளடைவில் வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து நெட்டாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை என்றால் உடனே வாருங்கள்.

"நான் புகையிலை போடறதில்ல டாக்டர், வெறும் பாக்குதான்" என்று பலர் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இலேயே தெளிவாக அறிவித்துவிட்டது: புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும். பாக்குதான் குற்றவாளி. கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்கிக்கொள்ளுங்கள். மரியாதைக்குத் தேங்காயும் பழமும் இருக்கிறதே.

தோலில் வரும் நிறங்கள்

கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கிலும் பழுப்பாகப் படர்வது மங்கு. கர்ப்ப காலத்தில், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது, வெயிலில் அலையும்போது வரும். பரம்பரையும் உண்டு. ஈரல் கெட்டுப்போனதால் வந்தது என்று சொல்லி யாராவது கஷாயம் விற்றால் நம்பாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தானாகவே குறையும். குடை, முந்தானையை இழுத்துப் போர்த்துவது, அகல விளிம்புத் தொப்பி, இவைதான் முதல் மருந்து. வெயிலைத் தடுக்காமல் எந்தக் களிம்பு போட்டாலும் திரும்ப வரும்.

கழுத்தைச் சுற்றி, அக்குளில், கறுத்துத் தடித்து வெல்வெட் மாதிரி இருக்கிறதா? அது அழுக்கு இல்லை. "நல்லா தேச்சுக் குளி"ன்னு பிள்ளையைத் திட்டாதீர்கள். பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்தால் இன்னும் கறுக்கும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். நாளைக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்று உடம்பு இன்றைக்கே எழுதிக் காட்டுகிறது. மாதவிலக்குத் தவறுகிற வயசுப் பெண்களிடமும் இதைப் பார்க்கிறோம். சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள், எடையைக் குறையுங்கள். உடம்பு சரியானால் கழுத்தும் வெளுக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வருகிற தன்னார்வலர்கள் பலரும் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான்.

அடுத்தது வெண்புள்ளி. இதை "வெண்குஷ்டம்" என்று சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறம் தயாரிக்கும் உயிரணுக்களைத் தவறாக அழித்துவிடுகிறது. தொட்டால் ஒட்டாது, எச்சில் தட்டில் ஒட்டாது. ஒரு குழு உறுப்பினருக்கு வெண்புள்ளி வந்தால் அவர் கையால் கொடுக்கிற டீயை வாங்கிக் குடியுங்கள். சிகிச்சை உண்டு.

நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வெள்ளையாகிறதா? அது ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கிற ரசாயனத்தால் வரலாம். ஸ்டிக்கரை உடனே நிறுத்துங்கள். ரப்பர் செருப்பு வார் படும் இடத்திலும் இப்படி வரும். தலைச்சாயம் போட்ட பிறகு நெற்றி ஓரமும் காது ஓரமும் அரித்துக் கறுத்தால் அந்தச் சாயம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

தேமல் வேறு. அது ஒரு பூஞ்சை. முதுகிலும் மார்பிலும் செதில் செதிலாக வெளிறித் தெரியும். பூஞ்சைக்கான மருந்து போட்டால் போய்விடும். நிறம் பழையபடி வரக் கொஞ்ச மாதம் ஆகும்.

வெளிறிய அல்லது சிவந்த படை, அதில் உணர்ச்சி இல்லை என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும். அந்த மருந்தில் ஒன்று தோலைச் சிவந்த கறுப்பாக மாற்றும். "ஊர்க்காரங்க பாக்கறாங்க"ன்னு வெட்கப்பட்டு மாத்திரையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். மருந்து முடிந்தபின் சில மாதங்களில் நிறம் மெதுவாகத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் கைவிரல் மடங்கிப்போகும், அது திரும்பாது.

மச்சம் ஒன்று பெரிதாகிறது, ஓரம் ஒழுங்கில்லாமல் போகிறது, பல நிறமாகிறது, ரத்தம் வருகிறது என்றால் காட்டுங்கள். நம்மவர்களுக்குக் கறுப்புத் தோல் புற்றுநோய் அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், நகத்துக்கு அடி, வாயின் மேலண்ணம், இப்படி நாம் பார்க்காத இடத்தில்தான் வரும்.

முகப்பூச்சு என்ற பெயரில்

மருந்துக்கடையில் போய் "முகம் வெளுக்க ஒரு டியூப் குடுங்க"ன்னு கேட்கிறோம். பத்து நாளில் முகம் பளபள என்று ஆகிறது. பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறோம். அந்த டியூப்பில் பல நேரம் இருப்பது ஸ்டீராய்டு. மாதக் கணக்கில் போட்டால் தோல் காகிதம் போல மெலிந்துவிடும். சிவப்பு நரம்பு தெரியும், பரு வரும், மீசை முளைக்கும். நிறுத்தினால் நெருப்பு பட்டது போல எரியும், மங்கு முன்பைவிட அதிகமாகும். படர்தாமரைக்கு இதைப் போட்டால் உடம்பெல்லாம் பரவும். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. ஆனாலும் கிடைக்கிறதே! அட்டையில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இருந்தால், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே பல மாதமாகப் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல், தோல் மருத்துவர் சொல்கிற மாதிரிப் படிப்படியாக விடுங்கள்.

இன்னொரு வகை, பெயரும் முகவரியும் இல்லாத டப்பா. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும்; அதோடு தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் பாதித்து வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பலர் இப்படிப்பட்ட சிவப்பழகுக் களிம்பு போட்டவர்கள் என்று தெரிந்தது. முகம் வெளுக்கப் போய்க் கால் வீங்கி வந்தார்கள். தயாரித்தவர் முகவரி, பொருள் பட்டியல், உற்பத்தித் தேதி இல்லாத எந்த முகப்பூச்சையும் வாங்காதீர்கள். குழுவின் மூலம் விற்கவும் விற்காதீர்கள்.

மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம்

குழுக் கூட்டம் நடக்கிற நாளையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புப் புத்தகத்தை எடுக்கும்போது வாயைப் பார்க்கிற ஞாபகமும் வரணும். கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச்சை அடியுங்கள். உதட்டை மேலும் கீழும் மடக்கிப் பாருங்கள். விரலால் கன்னத்தை இழுத்து உள்பக்கம் பாருங்கள், இரண்டு பக்கமும். ஈறு, மேலண்ணம். நாக்கை நீட்டி அதன் இரண்டு ஓரமும் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியில் பாருங்கள். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அவ்வளவுதான்.

புதிதாக எதைப் பார்த்தாலும் இரண்டு வாரம் கெடு. போகவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு வாருங்கள். புற்றுநோய் என்றே வந்தாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. சந்தேகம் கேட்க 104 எண்ணுக்குப் பேசலாம். புகையிலையை விடணும், முடியவில்லை என்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

கடைசியாக, ஊக்குநர்களிடமும் பிரதிநிதிகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் ஐந்து ரூபாய் சேமிப்பு விட்டுப்போனால்கூட "என்னம்மா ஆச்சு"ன்னு கேட்கிறீர்கள். அதே அக்கறையோடு, கன்னத்தில் புகையிலை அடக்கியிருக்கிற அக்காவிடம் "வாயைப் பாத்தியாக்கா?" என்று கேளுங்கள். பெண்ணின் ஈறை வெளுக்க வைக்கக் கடன் கேட்டு யாராவது வந்தால், "கண்ணு, உன் நிறம் நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். வெள்ளைத் திட்டுக்குப் பரிசோதனை செய்யப் பணம் வேண்டும் என்று வந்தால், அன்றைக்கே தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அந்த அம்மா என்னிடம் வந்தது மகளுக்காக. தனக்காக வந்திருக்கவே மாட்டார். நீங்கள் உங்களுக்காகவும் வாருங்கள்.